காப்பாளர் கையெழுத்து

கவிதை எழுதும் நண்பர் ஒருவருக்கு ஆரோவில்லுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. மூன்று நாள் தங்க வேண்டும். பல தேசத்தவர் கூடும் ஒரு சபையில் கவிதை வாசிக்க வேண்டும். தங்குமிடமும் வழிச்செலவும் அழைத்தவர்கள் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் கூடும் எங்கள் நாலைந்து பேரிடம் அவர் இதைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். தயக்கம் வீண்போகவில்லை. டீ கைக்கு வருவதற்கு முன்பே ஒருவர் கேட்டுவிட்டார்: "யார் காசு?"

சிறுபத்திரிகைக்காரர்களாகிய நமக்கு இந்தக் கேள்வி பரம்பரைச் சொத்து. அதற்கு ஒரு சரித்திரமும் உண்டு. 1953இல் ஸ்டீபன் ஸ்பெண்டரும் இர்விங் கிறிஸ்டலும் லண்டனில் தொடங்கிய 'என்கவுண்டர்' பத்திரிகைக்கும், அதற்குப் பின்னாலிருந்த கலாசார சுதந்திரக் காங்கிரஸுக்கும் அமெரிக்க உளவு ஸ்தாபனத்திலிருந்து பணம் வந்திருக்கிறது என்பது 1966–67இல் வெளியாயிற்று. நடுவில் ஃபார்ஃபீல்ட் ஃபவுண்டேஷன் என்று ஒரு பெயர்ப்பலகை. ஸ்பெண்டர் விலகினார். அதே காங்கிரஸின் ஆதரவில் இந்தியாவில் 1955 முதல் 'குவெஸ்ட்' வந்துகொண்டிருந்தது. நிஸிம் எஸகியல் அதன் முதல் ஆசிரியர். நம்மூரில் அந்த நாட்களில் ஓர் எழுத்தாளனை அடித்துச் சாய்க்க 'அமெரிக்கக் காசு' என்ற இரண்டு சொல் போதும். எதிர்த்தரப்பை அடிக்க 'ருஷ்யக் காசு'. இரண்டு காசிலும் மலிவு விலைப் புத்தகங்கள் வந்தன. வாசகன் இரண்டையும் வாங்கிப் படித்தான். அவன் யாரிடமும் கணக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

'யார் காசு' என்ற கேள்வியை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. ஆனால் அது விடையுள்ள கேள்வி. ஒரு நல்ல ஆடிட்டரும் ஒரு பிடிவாதமான நிருபரும் சேர்ந்தால் விடை கிடைத்துவிடும். என்கவுண்டர் விஷயத்தில் கிடைத்தது. கிடைத்ததும் யார் வெட்கப்பட வேண்டும் என்பதும் தெளிவாகிவிட்டது. எனக்கு மண்டையைக் குடைகிற கேள்வி வேறு. வங்கிக் கௌண்டருக்குப் பின்னால் பதினோரு வருஷம் உட்கார்ந்ததில் வந்த புத்திக்கோளாறு என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுக் கடன் கேட்டு ஒருவர் வந்தால் அவர் சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன் பட்டாவைக் கேட்போம், தாய்ப்பத்திரத்தைக் கேட்போம், முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று கேட்போம். பணம் எங்கிருந்து வருகிறது என்பது பிறகு. இடம் யாருடையது?

ஆரோவில்லைப் பற்றி இந்தக் கேள்வியைக் கேட்டால் கிடைக்கிற பதில் உலகத்தில் வேறெந்தத் தாய்ப்பத்திரத்திலும் கிடைக்காது. 1968 பிப்ரவரி 28 அன்று, புதுச்சேரிக்கு வடக்கே செம்மண் மேட்டில், 124 நாடுகளின் பிரதிநிதிகள் தத்தம் நாட்டு மண்ணில் ஒரு பிடி கொண்டுவந்து தாமரை மொட்டு வடிவத்திலிருந்த தாழியில் இட்டார்கள். அரவிந்தாசிரமத்து அன்னைக்கு அப்போது தொண்ணூறு வயது. தம் அறையில் இருந்தபடியே அவர் சாசனத்தை வாசிக்க, அது அங்கே ஒலிபரப்பாயிற்று. அதன் முதல் ஷரத்தின் சாரம் இதுதான்: இவ்வூர் தனிப்பட்ட எவருக்கும் சொந்தமில்லை, மனித குலம் முழுவதற்கும் சொந்தம்.

இதைக் கேட்டுச் சிரிப்பது சுலபம். நம்மில் பலர் சிரித்திருக்கிறோம். நான் சிரிக்க முடியாமல் போனதற்குக் காரணம், இதே வாக்கியத்தை நான் மாதத்துக்கு இரண்டு முறையாவது வேறொரு பாரத்தில் பார்க்கிறேன். மைனர் கணக்கு. பணம் குழந்தையுடையது, ஆனால் குழந்தை அதைத் தொட முடியாது. காப்பாளர் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்தின் கீழ் அவர் பெயர் இருக்கும், பணம் அவருடையதல்ல என்பதும் எழுதியிருக்கும். தகப்பனை விபத்தில் இழந்த ஒரு பையனுக்கு நஷ்டஈடாக வந்த தொகையைத் தாய்மாமன் எட்டு வருஷம் காத்து வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடச் சம்பளத்துக்குத் தவிர ஒரு ரூபாய் எடுத்ததில்லை. அதே கௌண்டரில் அதே பாரத்தை வைத்துக்கொண்டு, குழந்தையின் நலனுக்காக என்று எழுதி, மோட்டார் சைக்கிள் வாங்கினவரையும் பார்த்திருக்கிறேன். பாரத்தில் இருவருக்கும் வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் பதினெட்டு வயது முடியும் நாளில்தான் தெரியும். அன்று பையன் வருவான். புதுக் கையெழுத்து மாதிரி கொடுப்பான். காப்பாளரின் அதிகாரம் அந்த நிமிஷத்தோடு தீர்ந்துபோகும். மாமாவோ சித்தப்பாவோ அதுவரை செய்ததற்கெல்லாம் அந்த ஒரு நாள் பாக்கி நிற்கிறது. நல்ல காப்பாளர் நல்லவராக இருப்பதற்கு அந்த நாளும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

மனித குலம் பதினெட்டு வயதை எட்டாத மைனர். அதன் பெயரில் கணக்குத் திறக்கலாம். அது ஒருநாளும் கௌண்டருக்கு வராது.

ஆரோவில்லின் சரித்திரத்தை இந்த வெளிச்சத்தில் படித்தால் புதிதாக ஒன்று தெரிகிறது. அன்னை 1973 நவம்பரில் மறைந்தார். நிலமும் நிர்வாகமும் அரவிந்தர் சங்கத்தின் கையில் இருந்தன. சங்கத்துக்கும் அங்கு குடியிருந்தவர்களுக்கும் தகராறு முற்றிற்று. இரண்டு தரப்பும் சொன்னது ஒன்றுதான்: இது எங்களுடையது அல்ல, ஆகையால் நாங்கள்தான் நடத்த வேண்டும். 1980இல் மத்திய அரசு அவசர ஏற்பாட்டுச் சட்டம் கொண்டுவந்து நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. மத ஸ்தாபனத்தின் உரிமையில் அரசு கைவைக்கிறது என்று எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு. 1982 நவம்பரில் ஐவர் அமர்வு சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அரவிந்தர் போதித்தது மதமல்ல, தத்துவம் என்பது பெரும்பான்மையின் முடிவு. நீதிபதி சின்னப்ப ரெட்டி மட்டும் தனியே எழுதினார். அது மதமாகவே இருக்கலாம், ஆனாலும் ஒரு நகரியத்தை நிர்வகிப்பது மத காரியம் ஆகிவிடாது என்ற போக்கில் அவர் யோசனை போகிறது. ஒரு தத்துவம் எப்போது மதமாகிறது என்று நம் பத்திரிகைகளில் இருபது பக்கம் எழுதுகிறவர்கள் அந்தத் தீர்ப்பைப் படிக்கலாம். ஆங்கிலமும் சுத்தமாக இருக்கிறது.

1988இல் நிரந்தரச் சட்டம் வந்தது. சர்வதேசப் பண்பாட்டு நகரியம் என்பது சட்டம் அந்த ஊருக்குக் கொடுத்த பெயர். சொத்துகள் ஆரோவில் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டன. ஆட்சிக்குழு ஒன்று, குடியிருப்போர் பேரவை ஒன்று, சர்வதேச ஆலோசனைக் குழு ஒன்று. இவற்றில் ஆட்சிக்குழுவை நியமிப்பது மத்திய அரசு. சர்வதேச ஆலோசனைக் குழுவை நியமிப்பதும் மத்திய அரசு. அங்கே வீடு கட்டிக்கொள்கிறவர் தம் கைக்காசைப் போட்டுக் கட்டினாலும் வீடு அவருடையதல்ல, விற்க முடியாது, பிள்ளைக்கு எழுதி வைக்க முடியாது, ஃபவுண்டேஷனுடையது. ஆக, மனித குலம் முழுவதற்கும் சொந்தமான ஊரில் மனித குலத்தின் சார்பில் கையெழுத்துப் போடுவது டெல்லியில் ஓர் அமைச்சகம். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. யாராவது ஒருவர் போட்டுத்தான் ஆக வேண்டும். சொந்தத்தை ஒழிக்கிறோம் என்று சொல்லும்போது ஒழிவது சொந்தக்காரன் மட்டுமே. கையெழுத்து அப்படியே இருக்கிறது, இன்னும் சற்று உயரத்தில், கண்ணுக்கு எட்டாமல்.

ஃபவுண்டேஷன் என்பதை நாம் அறக்கட்டளை என்று தமிழாக்கிக்கொண்டிருக்கிறோம். இந்தச் சொல்லை உண்டாக்கியவர் யாரோ, அவர் அறிந்தோ அறியாமலோ ஒரு பெரிய விஷயத்தைத் தொட்டுவிட்டார். கட்டளை என்பது நம் கோயில்களில் இன்றும் புழக்கத்தில் உள்ள சொல். உச்சிக்காலக் கட்டளை, அபிஷேகக் கட்டளை, அன்னதானக் கட்டளை. இன்ன பூஜைக்கு, இன்ன நிலத்தின் வருமானத்திலிருந்து, இவ்வளவு என்று குறித்து விட்டது. இன்னும் பின்னால் போனால் சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் சாவா மூவாப் பேராடு என்று ஒரு வழக்கு வருகிறது. ஒருவர் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய ஆசைப்படுகிறார். தொண்ணூற்றாறு ஆடு கொடுக்கிறார். ஆட்டை ஓர் இடையர் ஏற்றுக்கொண்டு நாளொன்றுக்கு உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு கிழடாகும், சாகும். ஆனால் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பிக்கொண்டே வருவதால் மந்தை சாவதில்லை, மூப்பதில்லை. மூலதனம் குறையாமல் வட்டியை மட்டும் செலவிடுவது என்று இன்று நாங்கள் வங்கியில் சொல்வதை, ஆயிரம் வருஷத்துக்கு முன்பு ஒரு கல்தச்சன் மூன்று சொல்லில் வெட்டிவிட்டுப் போயிருக்கிறான். எங்கள் சர்க்குலர்களில் இந்த அழகு கிடையாது.

அந்தக் கல்லில் என்னைக் கவர்வது அதன் கஞ்சத்தனம். ஒரு விளக்கு. தொண்ணூற்றாறு ஆடு. உழக்கு நெய். இன்னார் அளக்க வேண்டும். மனித குலத்தின் இருள் நீங்க என்று இல்லை. விளக்கு எரிகிறதா இல்லையா என்பதைச் சாயங்காலம் கோயிலுக்கு வருகிற எவரும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். எரியாவிட்டால் எந்த வீட்டு வாசலில் போய் நிற்பது என்பதும் தெரியும். அதற்குமேல், இந்தத் தர்மத்தைக் காப்பவரின் பாதம் என் தலைமேல் என்று கொடுத்தவரே இன்னும் பிறக்காத காப்பாளரைக் கும்பிட்டுக்கொள்கிறார். அழித்தவனுக்குக் கங்கைக் கரையிலும் குமரியிலும் செய்த பாவம் என்று சபித்தும் வைக்கிறார். கும்பிடும் சாபமும் சட்டமாகாது. ஆனால் காப்பாளரின் சுரணையை மட்டும் நம்பி ஒரு காரியத்தை விட வேண்டியிருக்கிறது என்பதை அவர்கள் ஒளிக்கவில்லை. அதை நேராகப் பார்த்து, எந்தக் கருவி கைக்குக் கிடைத்ததோ அதை எடுத்துக்கொண்டார்கள்.

பின்னால் வந்த வெள்ளைக்காரர் காலத்து நீதிமன்றங்கள் கோயில் விக்கிரகத்தையே ஒரு நிரந்தர மைனராக வைத்துத் தீர்ப்பு எழுதின. சாமி மைனர், தர்மகர்த்தா காப்பாளர். நம் ஜனங்கள் இதற்கு முன்பே சிவன் சொத்து குலநாசம் என்று சொல்லிவைத்திருந்தார்கள். தர்மகர்த்தாக்கள் அதற்குப் பயந்தார்களா என்றால், கோயில் நிலங்களின் இன்றைய கதியைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. ஆனால் அவர்களைப் பற்றித் தெருவில் பேச ஜனங்களிடம் ஒரு வாக்கியம் இருந்தது. திருடினவனின் பேரன் காலத்தில்கூட அந்த வாக்கியத்தைச் சொல்லலாம். மனித குலத்தின் சொத்தைப் பற்றி அப்படி ஒரு பழமொழி எந்த மொழியிலாவது இருக்கிறதா? பொதுவில் இருக்கிற நிலத்துக்கு நம்மிடமிருந்த சொல் புறம்போக்கு. ஏரி, மந்தைவெளி, வண்டிப்பாதை என்று யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாத, எல்லோரும் புழங்குகிற நிலம். அந்தச் சொல்லை நாம் என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ரயிலில் கதவோரம் நிற்பவனை இறங்கச் சொல்லும்போது அதைத்தான் சொல்லித் திட்டுகிறார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நிறுத்தினால் அது அயோக்கியத்தனம். ஆரோவில்லுக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை, எல்லோரையும் போல, மாத்ரி மந்திரின் பொன் தகடுகளைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். எனக்கு அது ஒன்றும் செய்யவில்லை. இரண்டாம் முறை சைக்கிள் எடுத்துக்கொண்டு காட்டுப் பாதையில் போனேன். காடு என்று சொல்லிவிட்டேன். 1968இல் அங்கே காடு கிடையாது. மழைத் தண்ணீர் செம்மண்ணை வாரிக்கொண்டு ஓடி ஓடி அறுத்த ஓடைகள் மட்டும் இருந்தன. ஆரம்பத்தில் வந்தவர்கள் வரப்புப் போட்டு, குழி வெட்டி, தண்ணீரை நிறுத்தி, அந்தக் கரையோரத்துக்கே உரிய உலர் பசுமைக்காட்டு மரங்களைத் தேடிக் கொண்டுவந்து நட்டார்கள். கூடவே குழி வெட்டிய கைகள் குயிலாப்பாளையம், கோட்டக்கரை, எடையன்சாவடிக் கைகள். நிழலில் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றபோது எனக்கு ஒரு சங்கடமான எண்ணம் வந்தது: தனக்குச் சொந்தமாக இருந்திருந்தால் ஒருவன் இப்படி நட்டிருப்பானா? எங்கள் நெமிலிச்சேரியில் ஒவ்வொரு மனையும் ஒருவருக்குச் சொந்தம். கல் ஊன்றி, கம்பி கட்டி, விலை ஏறக் காத்திருக்கிறது. கருவேல முள்தான் வளர்ந்திருக்கிறது. பேரனுக்கு எழுதிவைக்க முடியாத மரத்தை நட்ட மனிதனின் மனசுக்குள் என்னவோ ஒன்று விடுபட்டிருக்க வேண்டும். அந்த விடுபடுதல் பொய் அல்ல. அதன் நிழலில் நான் நின்றேன்.

ஆனால் மரம் நட்ட அந்த மனசு சாசனத்திலிருந்து வந்ததா, அல்லது எதிரே வெடித்துக் கிடந்த மண்ணைப் பார்த்து வந்ததா? எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை. அவர்கள் மனித குலத்துக்காகக் குழி வெட்டியிருக்க முடியாது. அடுத்த மழைக்குள் இந்த ஓடையை நிறுத்த வேண்டும் என்றுதான் வெட்டியிருப்பார்கள். உழக்கு நெய் மாதிரி.

பக்கத்திலுள்ள இரும்பையில் மாகாளேசர் கோயில் இருக்கிறது. அங்கே சொல்லப்படும் கதையில் கடுவெளிச் சித்தர் வருகிறார். சபையில் ஆடிய தாசியின் கழன்ற சிலம்பை அவர் எடுத்து மாட்டிவிட, கூட்டம் சிரிக்க, அவர் பாட, லிங்கம் வெடித்தது. அந்தப் பிரதேசமே வறண்டு போகட்டும் என்று சாபம். மன்னன் கெஞ்ச, பிற்காலத்தில் தூர தேசத்திலிருந்து ஜனங்கள் வந்து இந்த மண்ணை மறுபடி பச்சையாக்குவார்கள் என்று சாபவிமோசனம். கதையின் இந்தக் கடைசி வரி எப்போது சேர்ந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. தேவை வந்ததும் கதைக்கு வால் முளைக்கும். ஆனால் வாலை முளைக்க வைத்தவர்கள் கிராமத்துக்காரர்களானால், அவர்களுடைய மரியாதை எனக்குப் பிடித்திருக்கிறது. வந்தவர்களுக்குத் தங்கள் கதையில் ஓர் இடம் கொடுத்துவிட்டார்கள். வந்தவர்களின் சாசனத்தில் இரும்பைக்கு அப்படித் தனியாக இடம் இல்லை. மனித குலம் என்ற சொல்லுக்குள் அவர்களும் அடக்கம் என்று கொள்ள வேண்டியதுதான். இன்று ஆரோவில்வாசிகளில் மற்றெந்த நாட்டவரையும்விட இந்தியர்தான் அதிகம், அவர்களில் தமிழர் பலர் என்பதையும் சொல்ல வேண்டும். தோட்ட வேலைக்கும் கட்டட வேலைக்கும் சுற்றுக் கிராமங்களிலிருந்து காலையில் சைக்கிளிலும் மொபெட்டிலும் வருகிறவர்கள் அதைவிட அதிகம் என்பதையும்.

2021 டிசம்பரில் அங்கே ஜேசிபி வந்தது. நகரத் திட்டத்தில் வட்டமாக வரைந்திருந்த கிரௌன் ரோட்டுக்காக மரங்கள் சாய்க்கப்பட்டன. குடியிருப்போரில் ஒரு பகுதியினர் இயந்திரத்துக்கு முன்னால் நின்றார்கள். இன்னொரு பகுதியினர் ரோடு வேண்டும் என்றார்கள். 50,000 பேருக்காக அன்னை கனவு கண்ட நகரம், அரை நூற்றாண்டுக்குப் பிறகும் 3,000 சொச்சம் பேரோடு நிற்கிறது, இனியும் தள்ளிப்போட முடியாது என்றது ஆட்சிக்குழு. நட்டு வளர்த்த காட்டை வெட்டி அந்தக் கனவை எப்படிக் கட்டுவது என்றது எதிர்த்தரப்பு. பசுமைத் தீர்ப்பாயம் முதலில் தடை விதித்தது. 2022 ஏப்ரலில் சுற்றுச்சூழல் அனுமதி பெற்றே செய்ய வேண்டும் என்றது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. இதில் யார் சரி என்று இந்த டீக்கடை பெஞ்சிலிருந்து நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. நான் கவனித்தது, இரண்டு தரப்பும் ஒரே மைனரின் பெயரில் பேசின என்பதை. அன்னையின் சொற்களை இருவரும் மேற்கோள் காட்டினார்கள். மனித குலத்துக்கு நகரம் வேண்டும் என்றார் ஒருவர். மனித குலத்துக்குக் காடு வேண்டும் என்றார் இன்னொருவர். மைனர் வாய் திறக்கவில்லை.

ரோடு விஷயத்தில் எனக்கு ஒரு சுயஅனுபவம் உண்டு. அதனால்தான் இந்தச் செய்தியை இவ்வளவு தொடர்ந்தேனோ என்னவோ. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டருக்குச் சென்னையின் வெளிவட்டச் சாலை எங்கள் ஊரை வெட்டிக்கொண்டுதான் போகிறது. திட்டக் காகிதங்களில் முதல் கட்டம் முடிவதும் நெமிலிச்சேரி, இரண்டாம் கட்டம் தொடங்குவதும் நெமிலிச்சேரி. எங்கள் ஜனங்களுக்கு அது நானூறடி ரோடு. அதற்கும் நிலம் எடுத்தார்கள், மரம் சாய்த்தார்கள், கிணறு தூர்த்தார்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இன்னும் வழி சொல்லும்போது தூர்ந்துபோன தம் கிணற்றை அடையாளம் வைத்துத்தான் சொல்கிறார், கேட்பவர்கள் விழிக்கிறார்கள். ஆனால் அவர் நிலத்தை எடுத்தவர்கள் மனித குலத்துக்காக என்று சொல்லவில்லை. பொது நோக்கம் என்று நோட்டீஸில் எழுதியிருந்தது, இன்ன சர்வே எண், இவ்வளவு சென்ட், இவ்வளவு தொகை. தொகை போதாது என்று அவர் சண்டை போட்டார். சண்டை போட ஓர் எண் இருந்தது. அந்த எண்ணை நான் பெரிதாகப் புகழவில்லை. கிணறு போனது போனதுதான். இருந்தாலும் அவரை யாரும் ஒரு கனவின் பெயரால் வெட்கப்பட வைக்கவில்லை.

நெமிலிச்சேரிக்கு அடுத்த ஸ்டேஷன் திருநின்றவூர். பெரிய புராணத்துப் பூசலாருடைய ஊர். கோயில் கட்ட ஆசைப்பட்டு, எங்கும் பொருள் கிடைக்காமல், மனசுக்குள்ளேயே கட்டினவர். கல்லும் மரமும் தேடி, தச்சரைக் கூட்டி, நல்ல நாள் பார்த்து, அடித்தளம் முதல் சிகரம் வரை, கிணறும் குளமும் மதிலும் எல்லாம் மனசுக்குள். காஞ்சியில் கற்கோயில் கட்டி முடித்த காடவர்கோன் குறித்த அதே நாளில் இவரும் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறிக்க, நான் அன்பனின் ஆலயத்துக்குப் போக வேண்டும், நீ உன் நாளைத் தள்ளி வை என்று சிவன் அரசனின் கனவில் சொன்னதாகக் கதை. பக்திக் கதையாகவே இதைக் கேட்டு வளர்ந்தேன். இப்போது வேறு மாதிரிப் படுகிறது. பூசலாருக்குக் காசு கொடுத்தவர் இல்லை. நிலம் கொடுத்தவர் இல்லை. யாருடைய கிணறும் தூரவில்லை, யாருடைய மரமும் விழவில்லை. உண்மையிலேயே யாருக்கும் சொந்தமில்லாத ஒரே கட்டடம் அதுதான் போலும். அரசன் திருநின்றவூருக்கு வந்து கோயில் எங்கே என்று கேட்டபோது ஊரார் விழித்தார்கள் என்கிறது புராணம். நாங்கள் பெரியவரின் கிணற்றுக்கு விழிப்பது போல. பிற்பாடு அங்கே கல்லிலேயே ஒரு கோயில் எழுந்துவிட்டது. இருதயாலீசுவரர் என்று பெயர். மனசுக்குள் இருந்ததைக் கல்லுக்குக் கொண்டுவந்த அன்றே அதற்கும் ஒரு காப்பாளர் தேவைப்பட்டிருப்பார். அன்னையும் 1954இலேயே கனவு என்ற பெயரில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தார். எந்த நாடும் தனதென்று சொல்ல முடியாத ஓர் இடம் உலகில் எங்காவது இருக்க வேண்டும் என்று. அந்தக் குறிப்பு அளவில் அவர் பூசலார்தான். செம்மண் மேட்டில் முதல் ஏக்கரைக் கிரயம் செய்த நாளில் காடவர்கோனின் கஷ்டங்கள் ஆரம்பமாகிவிட்டன.

சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' தொடங்கினார், 1970இல் நின்றது. அதற்கு ஃபவுண்டேஷன் இல்லை, ஆட்சிக்குழு இல்லை. நின்றபோது அது நின்றது என்று எல்லோருக்கும் தெரிந்தது. புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்த மனிதரிடம் எவரும் நேராகப் போய் இந்த இதழ் மோசம் என்று சொல்ல முடிந்தது. சொன்னார்கள், அவர் கோபித்துக்கொண்டார். சாவா மூவாப் பேராடாக இல்லாமல், ஒரு மனிதரோடு மூத்து, ஓய்ந்த பத்திரிகை அது. நிலைத்த நிதியும் சர்வதேச மையமும் இல்லாததால்தான் தமிழ் இலக்கியம் இப்படி இருக்கிறது என்று கூட்டங்களில் புலம்புகிறவர்களுக்கு இதைப் பதிலாகச் சொல்லவில்லை. அவர்கள் புலம்பலில் பாதி நியாயம். நிலைத்த நிதி வந்தால் நான் எதிர்க்கப்போவதில்லை. ஆனால் வரும்போது அதன் பாரத்தில் 'யாருக்காக' என்ற இடத்தில் தமிழ் என்றோ, கலை என்றோ, மனிதம் என்றோ எழுதாமல், நாளைக்கு வந்து கேட்கக்கூடிய, விலாசம் உள்ள, பக்கத்து வீட்டுக்காரரின் பெயரை எழுதச் சொல்வேன். ஒரு சர்வதேசப் பண்பாட்டு மையத்தைப் பற்றி நான் தெரிந்துகொள்ள விரும்புவது, அதன் மதிலுக்கு வெளியே பெட்டிக்கடை வைத்திருப்பவர் உள்ளே போய் இன்று விளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்டால் பதில் சொல்ல ஒருவர் இருக்கிறாரா என்பதைத்தான். 'யார் காசு' என்று கேட்ட நண்பரிடம் இதைச் சொன்னேன். நீ வங்கிக்காரன், உனக்கு எல்லாமே பாரம் என்றார். இருக்கலாம்.

கவிஞர் போய்வந்தார். கூட்டம் நன்றாக இருந்ததாம். அவர் கவிதை பிரெஞ்சில் நன்றாக ஒலித்ததாம். வழிச்செலவுக்கு வவுச்சரில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். பழக்கதோஷத்தில் இவர் புனைபெயரைப் போட்டுவிட்டார். கணக்குப் பார்க்கிற பெண்மணி, அந்தப் பக்கத்துத் தமிழ்ப் பெண், அதை அடித்துவிட்டு, "இது யாருங்க? உங்க பேர்ல போடுங்க" என்று வேறு காகிதம் கொடுத்தாராம்.